வெள்ளி வட்டம் போட்ட கார்டு

மாதனூர்
4 ஜூலை 2024

பஞ்சாட்சரம் அவர்களுக்கு,

இல்லை. தூக்கிப் போடவில்லை. இருக்கிறது.

நீங்கள் கேட்டனுப்பிய ஒரு வரிக்கு இது போதும். ஆனால் பேனாவை எடுத்த பிறகு வைக்க முடியவில்லை.

போன செப்டம்பரில் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பியபோது இரண்டு புடவைகளை மறந்தேன். சர்ட்டிஃபிகேட் ஃபைலை மறந்தேன். கேமரா கார்டை மறக்கவில்லை. அம்மாவின் பீரோவில், ஒரு ஷூ பெட்டிக்குள் இருக்கிறது. ஷூவோடு வரும் வெள்ளைப் பொட்டலம், ஈரத்தை உறிஞ்சுமே, அதில் இரண்டையும் கூடப் போட்டிருக்கிறேன். கார்டுக்கு ஈரம் ஆகாது என்று சொல்வீர்கள். காலிக் கார்டை ஈரம் என்ன செய்துவிடும். இருந்தாலும் மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுகிறேன். ஷூ கம்பெனியில் எனக்குப் பக்கத்து டேபிள் பில்கிஸ். "இன்னாடி, மாசாமாசம் பாக்கெட் எடுத்துனு போற? ஊறுகா போடறியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அழித்தது நான். பாப்பாவின் அறுபத்து மூன்று படங்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் கார்டில் வட்டம் போட்டது நீங்கள். என் சில்வர் பேனாவை எடுத்து. இதைச் சொல்ல அன்றைக்கு நீங்கள் விடவில்லை.

செக்கிங்கில் ஒரு ஷூவில் சில்வர் வட்டம் இருந்தால் அது ரிஜெக்ட். யோசிப்பதே இல்லை. கையே தனியாக எடுத்து வைத்துவிடும். அந்த வாரம் ஒரு கார்டு எரர் காட்டுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் படம் எடுக்கப் போகவிருந்த ஜோலார்பேட்டை கல்யாணத்துக்கு உங்கள் கேமராப் பையைத் தயார் செய்யும்போது வட்டம் போட்ட கார்டைப் பார்த்தேன். கெட்டது இதுதான் என்று நினைத்தேன். கார்டு பத்தாமல் திண்டாடுவீர்களே என்று, கேமராவில் போட்டு ஃபார்மட் கொடுத்துப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால்.

ஃபார்மட் ஆனது. "கெட்டது நல்லாயிடுச்சு!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். சந்தோஷமாக. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது ஏன் கேட்கிறீர்கள்?

மேகலா

* * *

பாகாயம், வேலூர்
8 ஜூலை 2024

அன்பு மேகலாவுக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். ஏழு வருடத்தில் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் "டேய் பஞ்சு, இங்க வாடா" என்று கூப்பிட்டவள் நீ. கடிதத்தை இரண்டு முறை மடித்து வைத்துவிட்டுத்தான் முழுதாகப் படித்தேன்.

வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நீ கற்றுக்கொடுத்ததுதான். நாம் பழகிய காலத்தில் நீ கட்டிங்கில் இருந்தாய். தோலை விரித்ததும் முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாவற்றையும் சுற்றி வட்டம் போட்டுவிடுவோம் என்றாய். "வட்டத்துக்குள்ள கத்தி படக்கூடாது, அவ்ளோதான்." எனக்கு அது மட்டும்தான் மனதில் நின்றது. கத்தி படக்கூடாது. அதனால் போட்டேன். கட்டிங்கிலிருந்து நீ செக்கிங்குக்கு மாறியபோது, வட்டமும் உன்னோடு வேறு அர்த்தத்துக்கு மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே அமீர் பாஷா என்று ஒருவர், அழிந்த கார்டுகளிலிருந்து படங்களை மீட்டுத் தருகிறார். போய்க் கேட்டேன். "ஃபார்மட்னா இன்னா சார்? வாசல்ல எழுதியிருக்கிற பேரை மட்டும் அழிக்கறது. உள்ள ஆளுங்க அப்படியே குந்தினு இருப்பாங்க. மேல வேற ஆளைக் குடி வெச்சாத்தான் போச்சு" என்றார்.

கார்டை அனுப்புவாயா? யாருடைய லேப்டாப்பிலும் செருகிப் பார்க்காதே. பக்கவாட்டில் சின்ன லாக் இருக்கும், அதைக் கீழே தள்ளிவிடு. பிறகு அதன்மேல் எதுவும் எழுத முடியாது. பின்பக்கச் செம்புத் தகடுகளில் விரல் படவேண்டாம்.

நான் இப்போது பெரிய கார்டு வாங்குவதில்லை. பெரிதாக ஒன்றுக்குப் பதில் சின்னதாக நான்கு. ஒன்று போனாலும் மற்றது இருக்கும். கேமராவும் இரண்டு கார்டு போடுகிற மாதிரி. ஒரே படம் இரண்டிலும் பதிகிறது. வீட்டுக்கு வந்து காப்பி எடுத்து, திறந்து பார்த்த பிறகுதான் சாப்பாடு. அன்றைக்கே இதையெல்லாம் செய்திருக்கலாம். பாப்பா போன பிறகு அந்தப் படங்களைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம், அப்புறம் என்று எட்டு மாதம்.

உன்
பஞ்சு

* * *

மாதனூர்
13 ஜூலை 2024

பஞ்சாட்சரம் அவர்களுக்கு,

கார்டு இதோடு வருகிறது. லாக்கைத் தள்ளியிருக்கிறேன். பொட்டலத்தையும் கூடவே வைத்திருக்கிறேன், மழைக்காலம்.

"என்னாத்துக்கு இன்னும் அந்தச் சில்லைக் கட்டினு அழுவற?" என்றாள் அம்மா. உறையை ஒட்டுவதற்குச் சோற்றை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவும் இதைத்தான் சொன்னார். பாப்பா போன பதினோராம் நாள், என் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே: "வுடு, இன்னொண்ணு பொறக்கும்." கார்டுக்குச் சரி.

முப்பது நாள் ஆகாமல் போட்டோ எடுக்கக்கூடாது, கண்பட்டுவிடும் என்று சொன்னதும் அவர்தான். அவர் கோயிலுக்குப் போன அரைமணி நேரத்தில் நாம் திருட்டுத்தனமாக எடுத்தோம். பதினாறாம் நாள். ஜன்னல் ஓரம். நான் போனை எடுத்தேன், நீங்கள் பிடுங்கி வைத்துவிட்டீர்கள். "போன்ல எடுத்தா கலரே செத்துப்பூடும், என் பொண்ண நான் கேமராலதான் எடுப்பேன்." பத்தொன்பதாம் நாள் அவள் இல்லை. பேர்கூட வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிய பட்டையில் 'மேகலா குழந்தை' என்று இருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு முகம் இருந்தது என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மறுபடி மறுபடி படித்தேன். மேலே வேறு ஆளைக் குடி வைத்தால்தான் போச்சு.

ஜோலார்பேட்டைக்கு அந்தக் கார்டு உங்கள் பையில் போனது. பையிலிருந்து எடுக்கவே இல்லை, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன் என்று அன்றைக்குச் சொன்னீர்கள்.

அதில் எடுத்தீர்களா?

மேகலா

* * *

பாகாயம், வேலூர்
29 ஜூலை 2024

மேகலா,

எடுத்தேன்.

இந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிவிட்டார். கேமராவில் கார்டு நிரம்பிவிட்டது. பைக்குள் கையை விட்டேன்; வந்தது அது. வட்டத்தைப் பார்த்தேன். செருகினேன். காலி என்று காட்டியது. நீ கத்தியது எதற்கு என்று அங்கேதான் புரிந்தது. மேற்கொண்டு எடுக்காமல் இருந்தால் மீட்டுவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் அது யாருக்குத் தெரியாது. "போட்டோக்காரரே, இன்னா நிக்கற? நேரம் ஆவுது" என்று பெண்ணின் மாமா அதட்டினார். கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. என் விரல் அழுத்திவிட்டது. ஒன்று இல்லை. நாற்பது. பிறகுதான் நின்றேன். வீடியோக்காரரிடம் வேறு கார்டு கேட்டு வாங்கி மீதியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, "நீ அழிச்சிட்ட" என்றேன். அது பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மீட்கக் கொடுத்திருந்தால் முதலில் வருவது அந்தக் கல்யாணமாக இருக்கும். அதனால் கொடுக்கவில்லை. நீ கார்டை எடுத்துக்கொண்டு போனதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அமீர் பாஷா முந்தாநாள் கூப்பிட்டார். பாப்பாவின் முதல் நாற்பது படங்கள் இருந்த இடத்தில் ஜோலார்பேட்டை. அவை திரும்ப வராது. கடைசி இருபத்து மூன்றும் முழுதாக வந்திருக்கின்றன.

"யாரு சார் பாப்பா?" என்றார். என் பெண் என்றேன். "பேரு சொல்லுங்க, ஃபோல்டருக்குப் போடணும்." பேர் வைக்கவில்லை என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரே 'பாப்பா' என்று அடித்தார். "நல்ல வெளிச்சத்துல எடுத்துருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

பழைய கார்டோடு ஒரு புதுக் கார்டும் அனுப்புகிறேன். இருபத்து மூன்றும் அதில் இருக்கின்றன. இன்னொரு பிரதி என்னிடம் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. உனக்கு முன்னால் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

இப்போதெல்லாம் கார்டில் குறி போடுவதில்லை. வெள்ளைத் தாள் ஒட்டி, உள்ளே இருப்பதை எழுதிவிடுகிறேன். இதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தாளை மட்டும் ஒட்டியிருக்கிறேன்.

பஞ்சாட்சரம்

* * *

மாதனூர்
3 ஆகஸ்ட் 2024

பஞ்சு,

இன்று சாயங்காலம் பில்கிஸ் வீட்டுக்குப் போனேன். அவள் மகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருக்கிறது. லாக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருகினேன்.

மூன்று படம் பார்த்தேன்.

முதல் படத்தில் ஒரு காது. ஜன்னல் வெளிச்சம் காதுக்குள்ளே நுழைந்து வெளியே வருகிறது. இரண்டாவதில் என் சுண்டு விரலைப் பிடித்திருக்கிறாள். மூன்றாவதில் அவள் ஆடிவிட்டாள், முகம் கலங்கியிருக்கிறது. பின்னால் நான். சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. "இது ஆட்டமாயிடுச்சேடி, அடுத்தத பாரு" என்று பில்கிஸ் கையை நீட்டினாள். வேண்டாம் என்று மூடிவிட்டேன்.

அந்த நாற்பதை மன்னிப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. கெட்டிமேளம் கேட்டால் உன் விரல் அழுத்தும். வட்டத்தைப் பார்த்தால் என் கை ஒதுக்கும். நம் இரண்டு பேரையும் வேலை அப்படித்தான் பழக்கியிருக்கிறது.

பத்து மாதம். அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொரு நாளும், நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் அந்தப் பாரத்தில் பாதியாவது உன் தலைக்கு வந்திருக்கும். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். இதற்குக் கடிதத்தில் என்னிடம் பதில் இல்லை. நேரில் இருக்கிறதா என்றும் தெரியாது.

மீதி இருபதைத் தனியாகப் பார்க்க என்னால் முடியாது. பில்கிஸோடு பார்க்கவும் முடியாது. அம்மாவோடு முடியாது. அந்த அரைமணி நேரம் அறையில் இருந்தது மூன்று பேர். அதில் இரண்டு பேர்தான் மிச்சம்.

பேர். நான் மனதுக்குள் கூப்பிட்ட பேர் ஒன்று இருந்தது. முப்பதாம் நாள் உன் காதில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

மேகலா

4 ஆகஸ்ட், ஞாயிறு.
இதைத் தபாலில் போடவில்லை. வேலூர் பஸ்ஸில் இருக்கிறேன். மாற்றுப்புடவை எடுத்து வரவில்லை. நீ அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றது. எழுதுவதற்கு அசையாமல் இருந்தது அந்த இரண்டு நிமிடம்தான். கார்டை எடுத்து, நீ ஒட்டிய தாளில் அவள் பேரை எழுதினேன். வட்டம் போடவில்லை.