நாத்தனாரின் பீங்கான் நண்டுகள்

பிப்ரவரி 9

கண்ணாடிக் கடையில் இன்று மூச்சுவிட நேரமில்லை. லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையைக் காணோம். அதாவது, மேசை இருக்கிறது, அதன் மேல் ஒரு கண்ணாடித் தொட்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் வாளி, ரப்பர் குழாய், காற்று பம்ப், கடல் உப்புப் பொட்டலங்கள். நடுவில் என் நாத்தனார்.

இவருடைய ஒரே தங்கை. எல்லாருக்கும் சின்னவள். பாங்கில் வேலை. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதமாக எங்களோடு இருக்கிறாள். வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை என்றாள். வீடு தேடுகிற மாதிரி தெரியவில்லை.

"தரையில உக்காந்து சாப்பிட்டா உடம்புக்கு நல்லதாம் அண்ணி."

"யார் சொன்னது?"

"மேசை இல்லாதவங்க."

கோபமாகத்தான் இருந்தேன். சிரிப்பு வந்து கெடுத்துவிட்டது.

பிப்ரவரி 23

தொட்டிக்குள் இரண்டு நண்டு வந்துவிட்டது. பீங்கான் நண்டாம். கட்டைவிரல் நகம் அளவு, வெள்ளை உடம்பில் செம்புள்ளிகள், தட்டையாக, யாரோ சாயம் பூசிச் சுட்டு எடுத்தது போல. கடல் சாமந்தி என்று ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள் — பூ மாதிரி விரிகிறது, ஆனால் அதுவும் ஓர் உயிர். அதன் மேல்தான் இரண்டும் குடியிருக்கின்றன.

நண்டு என்றால் கவ்வும், கிழிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. வாய்ப்பக்கத்தில் இரண்டு விசிறி. மெல்லிய மயிர் விசிறி. ஒன்றை நீட்டித் தண்ணீரை வீசி, மடக்கி, வாயில் துடைத்துக்கொள்கிறது. அதற்குள் அடுத்தது நீள்கிறது. தண்ணீரில் மிதக்கிற தூசியையே பிடித்துச் சாப்பிடுகிறது. யாரையும் தொந்தரவு செய்யாமல் பிழைக்கிற பிழைப்பு. சோறு ஆறிப்போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 24

இவர் கேட்டார்: "இதை எப்போ சமைக்கிறது?" சின்னவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 12

பெண் நண்டு முட்டை வைத்திருக்கிறது. வயிற்றுக்கு அடியில் ஒரு மடிப்பு, அதைத் திறந்து திறந்து மூடுகிறது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கொத்து. முட்டைக்குக் காற்றோட்டம் கொடுக்கிறதாம்.

கடையிலிருந்து என் உருப்பெருக்கியைக் கொண்டுவந்தேன். லென்ஸில் கீறல் பார்க்க நான் கண்ணில் மாட்டிக்கொள்வது. சின்னவள் அதை வாங்கிக் கண்ணில் வைத்தவள் திருப்பித் தரவே இல்லை. "எனக்கு அண்ணியா வரதுக்கு முன்னாடியே உங்களைத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள்.

குஞ்சு பொரித்தால் வளர்க்கப் போகிறாளாம். வீட்டுத் தொட்டியில் அது லேசில் நடக்காதாம், வாங்கிய கடைக்காரரே சொல்லியிருக்கிறார். பிறகு எதற்கு மெனக்கெடுகிறாய் என்று கேட்டேன்.

"கடல்ல ஆயிரத்துல ஒண்ணு பிழைக்குமாம் அண்ணி. எல்லாரும் செத்ததைப் பத்தியே சொல்றாங்க. எனக்கு அந்த ஒண்ணைப் பாக்கணும்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் விளையாட்டில்லாமல் பேசி நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

மார்ச் 25

எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே பொரித்துவிட்டது. குஞ்சுகளைத் தனியே எடுத்து விட வேறு பாத்திரம் தயாராகவில்லை. காலையில் பார்த்தால் தொட்டியில் ஒன்றுமே இல்லை. வடிகட்டி உறிஞ்சிவிட்டிருக்கிறது. அதைக் கழற்றிப் பஞ்சை விரித்து, என் உருப்பெருக்கியால் ஒவ்வொரு இழையாகப் பார்த்தாள். பிறகு எழுந்து தலைவாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"அவங்களுக்கு அவசரம். எனக்கு மெத்தனம்" — செருப்பு மாட்டும்போது சொன்னது அவ்வளவுதான்.

நானாக இருந்தால் தொட்டியைத் தூக்கித் தெருவில் வைத்திருப்பேன்.

ஏப்ரல் 6

பால்கனியில் பாசி வளர்க்கிற பச்சைத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பச்சையைத் தின்ன கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. அந்தப் பூச்சியைத் தின்னத்தான் நண்டுக் குஞ்சு. ஒரு குஞ்சுக்குச் சோறு போட ஒரு வயலே நட்டிருக்கிறாள். பாங்கு போவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்துக் குலுக்குகிறாள், காய்ச்சல் குழந்தைக்கு மருந்து கொடுக்கிறவள் மாதிரி. மறந்த நாள் ஒன்றுகூட இல்லை.

பெண் நண்டு மறுபடி முட்டை வைத்திருக்கிறது. குஞ்சு விடப்போகிற பாத்திரத்தில் மூலையே இருக்கக் கூடாதாம். மூலையில் ஒதுங்கினால் ஒன்றோடொன்று சிக்கிச் செத்துப்போகும். தண்ணீர் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். இவரிடம் கேட்டாள். இவர் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். கையில் எது கிடைத்தாலும் வேறொன்றாக மாற்றிவிடுவார். "உன் நண்டுக்கு நான் தொட்டில் செய்யணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு தண்ணீர் கேனை அறுத்து, ஓரமெல்லாம் தேய்த்து, காற்றுக் குழாயைச் சாய்வாகப் பொருத்திக் கொடுத்தார். நன்றாகவே சுழல்கிறது. தானே நாலு தடவை வந்து பார்த்தார்.

ஏப்ரல் 19

விடியும் முன் என்னை எழுப்பினாள். விளக்கெல்லாம் அணைத்து, தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் டார்ச். அந்த வெளிச்சத்தைத் தேடிக் குஞ்சுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு ஓர் ஊசி. உடம்பைவிடப் பல மடங்கு நீளம். விழுங்க வருகிற மீனின் தொண்டையில் குத்துவதற்காம். பிறக்கும்போதே ஈட்டியோடு பிறக்கிறது! நண்டு என்று சொன்னால் நம்ப முடியாது, தலையும் இல்லை காலும் இல்லை.

கிண்ணத்தால் மொண்டு மொண்டு கேனுக்கு மாற்றினாள். அவள் கை ஆடவே இல்லை.

ஏப்ரல் 26

எப்படி எழுதுவது.

மத்தியானம் சமையலறையில் கரப்பான் ஓடியதென்று இவர் மருந்து அடித்திருக்கிறார். நல்லெண்ணத்தில்தான். கேனின் பம்ப் அந்தக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் விட்டுவிட்டது. பெரிய தொட்டி தப்பியது, அதன் பம்ப் பால்கனிப் பக்கம். கேனில் எல்லாம் அடியில் படிந்து கிடக்கிறது. ஒன்றும் அசையல.

சின்னவள் வந்தாள். உள்ளே நுழைந்ததும் மோந்து பார்த்தாள். கேனைப் பார்த்தாள். இவருக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் செத்துப்போச்சு.

"அண்ணா, கரப்பான் செத்துச்சா?"

"...செத்துச்சு."

"சரி. ஒரு வேலையாவது உருப்படியா நடந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் தோளை ஒரு தட்டுத் தட்டினாள். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. அழுதாளா? அழுதிருப்பாள். எங்களுக்குக் காட்டவில்லை. அண்ணன் மனசு நோகக் கூடாது என்று அந்த நிமிஷத்திலும் தோன்றியதே இவளுக்கு — எனக்குத் தோன்றியிருக்காது. நான் வீட்டை இரண்டாக்கியிருப்பேன்.

ஏப்ரல் 27

இவர் சரியாகச் சாப்பிடவில்லை. மருந்து டப்பாவைத் தெருக்கோடிக் குப்பைத்தொட்டி வரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார். பிறகு என்னிடம், ரகசியமாக: "அது மறுபடி எப்போ முட்டை வைக்கும்?"

மே 21

பெண் நண்டு மல்லாந்து கிடந்தது. கால், கொடுக்கு, எல்லாம் அப்படியே, உயிர் மட்டும் இல்லை. பாங்குக்கே போன் போட்டேன்.

"கண்ணு இருக்கற இடத்துல பாருங்க அண்ணி, ஓட்டையா இருக்கா?"

"ஆமா."

"அது சட்டை. கழட்டிப் போட்டிருக்கா. ஆளு கல்லுக்குப் பின்னாடி இருப்பா, தொந்தரவு பண்ணாதீங்க."

இருந்தாள். புதுசாக, பளபளவென்று, வெட்கப்பட்டவள் மாதிரி ஒடுங்கிக்கொண்டு. கண் முனை வரைக்கும் உரித்துப் போட்டிருக்கிறாள், எங்கும் ஒரு கிழிசல் இல்லை. என் கடையில் இந்தச் சுத்தத்தோடு ஒரு வேலை செய்தவர் யாரும் இல்லை, நான் உட்பட.

ஜூன் 8

மறுபடி முட்டை. முதலில் பார்த்தது இவர்.

ஜூன் 17

சின்னவளுக்குப் பதவி உயர்வு. மேனேஜர். ஆனால் வேறு ஊர், வெகு தூரம். வருகிற திங்கட்கிழமையே சேர வேண்டும். முட்டையில் இப்போதுதான் கருப்புப் புள்ளியாகக் கண் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

"கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிக் கேளேன்" என்றார் இவர்.

"என்னன்னு கேக்கறது? எங்க வீட்ல நண்டு மாசமா இருக்கு, பொறந்ததும் வரேன்னா?"

சிரித்தோம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வேலையை விடுகிறவள் இல்லை. அதற்காக எத்தனை வருஷம் உழைத்தாள் என்று எனக்குத் தெரியும். இதையும் விடுகிறவள் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் அவளைக் கேட்கிற மாதிரி ஒரு நாள் வந்துவிட்டது.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று இப்போதும் தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா அண்ணி?"

"செத்தா என்னைத் திட்டக் கூடாது."

"செத்தா அடுத்த தடவை பாத்துக்கலாம்."

ஜூன் 21

கிளம்பிவிட்டாள். பெட்டியைத் தூக்கும்போது தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தால் போக முடியாது என்பதால்தான். வாசலில் என் கையைப் பிடித்து, "தண்ணி கொஞ்சம் கலங்கினா பயந்துடாதீங்க" என்றாள். தண்ணீரைப் பற்றித்தான் சொன்னாள்.

ஜூன் 24

குஞ்சுகள் வந்துவிட்டார்கள். விடிகாலை. இவர் டார்ச் பிடித்தார், நான் மொண்டேன். அவளைவிட மெதுவாகத்தான் மொண்டேன், ஆனால் மொண்டேன்.

ஜூலை 3

மழை. சாயங்காலம் கரண்ட் போயிற்று. காற்று நின்றால் சுழற்சி நிற்கும், நின்றால் எல்லாம் அடிக்குப் போய்விடும். நான் கரண்டியால் கேனைச் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தேன். இவர் நனைந்துகொண்டே போய்த் தன் வண்டி பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து, ஏதோ ஒயரைக் கடித்து முறுக்கி, பம்பை ஓடவிட்டார். தலையைக்கூடத் துவட்டவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. இத்தனை வருஷம் எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 8

பாதிக்கு மேல் போய்விட்டது. அடியில் கிடப்பதைக் குழாயால் உறிஞ்சி எடுக்கிறேன். போனில் சொன்னேன். "மேல நீந்தறதைப் பாருங்க அண்ணி. அதுங்களுக்குத்தான் நீங்க வேணும்."

அவள் குரல் களைத்திருந்தது. அங்கே எப்படி என்று கேட்டால், நண்டு எப்படி என்கிறாள்.

ஜூலை 16

ஊசி உதிர்ந்துவிட்டது! உருப்பெருக்கியில் பார்த்தால் கொடுக்கு. குட்டிக் கொடுக்கு, கால், தட்டை உடம்பு. ஆனால் வால் இன்னும் நீட்டிக்கொண்டு நீந்துகிறது. பாதி இறால், பாதி நண்டு. எந்தப் பக்கம் போவதென்று யோசிக்கிற மாதிரி. கேனுக்குள் சின்னக் கல் துண்டுகளைப் போடச் சொன்னாள், உட்கார இடம் வேண்டுமாம். போட்டேன்.

ஜூலை 24

இன்று கடைக்கு லீவு. காரணம் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்றேன். உடம்பு இதைவிட நன்றாக இருந்ததே இல்லை.

கல் மேல் ஒரு நண்டு. கடுகைவிடச் சின்னது. நீந்தவில்லை. உட்கார்ந்திருக்கிறது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்துப் பார்த்தேன் — விசிறி. நீட்டுகிறது, வீசுகிறது, மடக்குகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்து இத்தனை நாள் ஈட்டியோடு அலைந்தது, இன்று உட்கார்ந்தது, உட்கார்ந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டது. பக்கத்துக் கல்லில் இன்னொன்று. கேனின் சுவரில் இன்னும் சில.

போன் போட்டேன். எதிரே ஆள் இருக்கிறது என்று தெரிந்தது, மேனேஜர் குரலில் "சொல்லுங்க" என்றாள்.

"உக்காந்துடுச்சு. விசிறுது."

நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, எனக்கில்லை, எதிரே இருந்தவரிடம்: "ஒரு நிமிஷம் சார். எங்க வீட்ல குழந்தை பொறந்திருக்கு."

இவர் போனைப் பிடுங்கிப் பேசப்போனார். என்னிடமே கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் 28

சின்னவள் லீவில் வந்தாள். பையைக் கீழே வைத்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், குஞ்சுகளை இப்போது மாற்றியிருக்கிற சின்னத் தொட்டி முன் உட்கார்ந்துவிட்டாள். இப்போது செம்புள்ளிகூட விழுந்திருக்கிறது அவற்றுக்கு. ஒவ்வொன்றும் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வீசிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை.

ஒரு கல் சாய்ந்திருந்தது. நிமிர்த்தக் கையை நீட்டியவள் பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கை விடலாமா அண்ணி?"

"கழுவிட்டு வா. சோப்பு போடாதே, வெறும் தண்ணில."

எழுந்து போனாள். முழங்கை வரைக்கும் நிதானமாகக் கழுவிக்கொண்டு வந்தாள்.