காசி சாப்பிடும் இடம்

26 ஜனவரி 1982, செவ்வாய்

டைரியில் திங்கள் என்று அச்சடித்திருக்கிறது. போன வருஷத்து டைரி. இந்த வருஷத்து டைரியைப் புளி மண்டிக்காரர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீந்ததை என் கையில் தள்ளினார்கள். எனக்கென்ன. எட்டாவது வரை படித்தவன், கிழமையை அடித்துத் திருத்தத் தெரியாதா? (எட்டாவது பரீட்சை அன்று காய்ச்சல். இல்லாவிட்டால் ஜில்லாவிலேயே முதல்.)

அக்கா மகன் காசியிடமிருந்து கடிதம். நம் மலையிலிருந்து வாணியம்பாடி காலேஜில் படிக்கிறவன் அவன் ஒருவன்தான். சேர்த்துவிட்டவன் நான். விடுதியில் இடம் கொடுக்க எவ்வளவோ கெஞ்சினார்கள், என் மருமகன் அங்கே தங்கமாட்டான் என்று சொல்லிவிட்டேன். இடம் இல்லை என்று அவர்கள் முதலில் சொன்னது வேறு விஷயம். இப்போது மூன்று பையன்களோடு ரூமில் இருக்கிறான்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: சௌக்கியம். பிப்ரவரி ஆறு, ஏழு தேதிகளில் எங்கள் காலேஜ் மைதானத்தில் கபடிப் போட்டி, நான் ஆடுகிறேன். முக்தார் பாய் ஓட்டலில் சாப்பிடுகிறேன், சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம்.

மாதம்மாள் அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. மூன்று வரியை மூன்று வரியாகவே படிப்பதற்கு நான் எதற்கு? படித்தேன் — முக்தார் பாய் வாசல் வரைக்கும் வந்து "பஞ்சாட்சரத்தோட மருமவனா, வா, குந்து" என்று கையைப் பிடித்து அழைத்துப்போகிறார், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் என் பேரைச் சொல்லி ஒரு துண்டு அதிகம் வைக்கிறார், ராத்திரி பால் கொடுக்கிறார். அக்கா முகம் மலர்ந்துபோயிற்று. அந்த முகத்துக்காக இன்னும் இரண்டு துண்டுகூட வைத்திருப்பேன்.

பக்கத்தில் அந்த ரங்கசாமி உட்கார்ந்திருந்தான். அக்காவின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி. வாயைத் திறந்தான்: "அவ்ளோ துன்றவன் பொங்கலுக்கு வந்தப்ப ஏன் மச்சான் எலும்பும் தோலுமா இருந்தான்?"

படிப்பு உடம்பை இளைக்கவைக்கும் என்பது படிக்காதவனுக்கு எங்கே தெரியும்.

29 ஜனவரி, வெள்ளி

ரங்கசாமி புகைய வைத்தது பற்றிக்கொண்டுவிட்டது. புளி உலுக்க ஆள் இல்லையாம், நிலம் சும்மா கிடக்கிறதாம், பட்டினி கிடந்து படிப்பதைவிடப் பையன் வீட்டோடு வந்துவிடலாமாம். காலேஜ் என்றால் மாட்டுச் சந்தை என்று நினைத்திருக்கிறான்.

அக்கா கடைசியில் சொன்னாள்: "நான் போய் என் கண்ணால பாக்கறேன். எம்புள்ள எங்க குந்தி துன்றான்னு பாக்கணும். சரியில்லன்னா கையோட கூட்டிட்டு வந்துடுவேன்."

போட்டி நடக்கும் அந்த இரண்டு நாளிலேயே போவதாம். வழிகாட்ட நானாம். வேவு பார்க்க ரங்கசாமியாம்.

வீட்டில் அம்மாக்கண்ணு உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ போட்ட மசாலாவுக்கு இப்ப பிரியாணி கேக்கறாங்க. செஞ்சி போடு." கட்டின பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது?

2 பிப்ரவரி, செவ்வாய்

வாணியம்பாடியில் எங்கே சாப்பிடலாம் என்று சொல்லத் தகுதி உள்ளவன் இந்த மலையில் நான் ஒருவன்தான். எழுதி வைக்கிறேன், பிற்காலத்தில் உதவும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைவ ஓட்டல். பாலாற்றில் இல்லாத தண்ணீரெல்லாம் அவன் சாம்பாரில் இருக்கிறது. மார்க்கெட் ஓரம் புரோட்டாக் கடை: ஒன்றைப் பிய்க்க இரண்டு ஆள் வேண்டும். ஸ்டேஷன் பக்கம் டீக்கடை: பன் வாங்கினால் உட்காரவும் வைத்துக்கொள்ளலாம், பெஞ்சைவிடக் கெட்டி. இதையெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டு நடக்கிறார்கள் டவுன்காரர்கள்.

முக்தார் அகமது ஓட்டல்: உள்ளே போனதில்லை. வாசலில் நின்று வாசனை பார்த்திருக்கிறேன். அவர் என் சிநேகிதர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மண்டியில் என்னைப் பார்த்து "இன்னா பெரியவரே, மலைல மழையா?" என்று கேட்டார். பழக்கம் இல்லாதவர் மழையை விசாரிப்பாரா?

4 பிப்ரவரி, வியாழன்

காய்ச்சல் வந்தால் போகவேண்டியதில்லை. வரவில்லை.

6 பிப்ரவரி, சனி

(வாணியம்பாடி. புளி மண்டித் திண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.)

விடியுமுன் இறங்கி ஆலங்காயத்தில் பஸ் பிடித்தோம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓர் இடம் ஒழித்துக் கொடுத்தான். ஸ்டெப்னி டயர் மேல்தான், ஆனாலும் மரியாதை மரியாதைதான்.

ஊர் முழுக்கக் காலேஜ் பையன்கள். வேலூர், திருப்பத்தூர், இன்னும் எங்கெங்கிருந்தோ. காது மூடும் முடி, ஊரைப் பெருக்கும் பேண்ட். தாரை தப்பட்டையோடு வந்திருக்கிறார்கள், என்னமோ பெண் எடுக்க வந்தமாதிரி. நாம் சடுகுடு என்று சொல்வதை இவர்கள் கபடி என்று பேர் மாற்றி, சுண்ணாம்புக் கோடு போட்டு, விசில் ஊதுகிறார்கள். மூச்சுப் பிடிக்கத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். முதுகில் நாலாம் நம்பர் போட்ட பனியனோடு எங்கள் காசி. பிடிக்க வந்த ஐந்து பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். (மூன்று பேர்.) அவன் ஆட்டத்தில் இன்று ஜெயித்தார்கள். நாளை நாலு மணிக்குக் கடைசி ஆட்டம்.

ஆட்டம் முடிந்து அம்மா காலைத் தொட்டான். அக்கா அவன் விலா எலும்பைத் தடவிப் பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"பாய் ஓட்டலுக்குப் போலாமாடா?" என்றாள்.

"இன்னிக்கு வேணாம்மா, கூட்டம். நாளைக்கு மத்தியானமும் நான் டீமோட இருக்கணும். நீங்க வேற எங்கயாவது சாப்டுட்டு நாலு மணிக்கு வந்துடுங்க. வேலை இருக்குது, போய்ட்டு வர்றேன்." ஓடிவிட்டான்.

அப்பாடா என்றிருந்தது. நானும் சேர்ந்துகொண்டேன்: போட்டி நாளில் முக்தார் பாய் பெரிய இடத்து ஆட்களுக்குச் சமைப்பார், நாம் போய்த் தொந்தரவு பண்ணக்கூடாது.

"மருமவன் கையைப் புடிச்சி கூட்டிட்டுப் போறவரு, மாமனைத் துரத்தியா வுடுவாரு?" என்றான் ரங்கசாமி.

ராத்திரிக்கு அந்தப் புரோட்டாதான். நான் எழுதியது சரி. இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

7 பிப்ரவரி, ஞாயிறு

எதிலிருந்து எழுதுவது?

பன்னிரண்டு மணிக்குச் சைவ ஓட்டல். சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் அடுத்தவன் நிற்கிறான். இவன் மோருக்குக் கை நீட்டும்போதே அவன் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறான். கல்யாணப் பந்தியில் நாய்கூட இதைவிடப் பொறுமையாக இருக்கும். அடுத்த ஓட்டலில் "சாப்பாடு தீர்ந்தது" என்று சிலேட்டில் எழுதிச் சாத்திவிட்டார்கள். புரோட்டாக் கடையில் மாவு தீர்ந்து, மாஸ்டர் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி பீடி பிடிக்கிறான். இரண்டு நாள் விளையாட்டுக்குச் சோறு போட வக்கில்லாத ஊருக்குப் பேர் டவுன். டீக்கடையில் பன் இருந்தது. பன்னாவது வாங்கித் தரலாம் என்று திரும்பினேன்.

அக்கா நடு ரோட்டில் நின்றுவிட்டாள். "நான் துன்ன வரலை பஞ்சு. அவன் துன்ற எடத்தைக் காட்டு. இல்ல, அப்படி ஒரு எடமே இல்லன்னு சொல்லு. சாயங்காலம் புள்ளைய கூட்டிட்டுப் போறேன்."

வேறு வழி? போனோம்.

முக்தார் பாய் ஓட்டல் வாசலில் சாக்கடை வரைக்கும் கூட்டம். ரங்கசாமி என் முதுகில் கை வைத்தான். "போ மச்சான். உன் பேரைச் சொல்லு, வழி வுடறாங்களா பாப்போம்."

கல்லாவுக்குப் போனேன். "நான்தான் பஞ்சாட்சரம்" என்றேன்.

முக்தார் பாய் தலையைத் தூக்கவில்லை. "எந்தப் பஞ்சாட்சரம்?"

மழை விசாரித்த மனிதர். மனிதர்கள் இவ்வளவுதான்.

அப்போது உள்ளேயிருந்து ஒருவன் எச்சில் தட்டுகளை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தான். தோளில் துண்டு. பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தான். மேசையைத் துடைக்கக் குனிந்தபோது முதுகு தெரிந்தது. நாலாம் நம்பர்.

எனக்குத் தெரியாது. இதை இங்கே எழுதுகிறேன் — இதில் நான் எதையும் சேர்க்கவில்லை — எனக்குத் தெரியாது.

அக்கா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். பயல் தட்டுகளைக் கீழே போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"யாருடா இவங்க, காசி?" என்றார் பாய்.

"எங்கம்மா, பாய்."

அவர் கல்லாவை விட்டு எழுந்தார். "வாங்கம்மா. டேய், வூட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போ. இங்க நிக்க வெக்காத."

ஓட்டலுக்குப் பின்னாலேயே வீடு. பாயின் சம்சாரம் ரபியா அம்மாள் முக்காலி போட்டார். அக்கா உட்காரவில்லை. காசியைப் பார்த்துக் கேட்டாள்: "மாமன் பேரைச் சொன்னதும் பாய் கையைப் புடிச்சி உள்ள கூட்டிட்டுப் போனாருன்னு கடுதாசில எழுதினியே. இதான் அந்தக் கையா?"

காசி என்னைப் பார்த்தான். அப்புறம், "ஆமாம்மா, மாமா பேரைச் சொல்லித்தான் சேர்ந்தேன்" என்றான். மூக்கைத் தடவிக்கொண்டே சொல்கிறான். இத்தனை வருஷம் என்னோடு பழகி ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை. என்ன படிக்கிறான் காலேஜில்?

ரபியா அம்மாள்தான் சொன்னார்: "போன ஆடில வந்து நின்னான். ரெண்டு நாள் பட்டினின்னு மூஞ்சியே சொல்லுச்சி. குந்து, துன்னுன்னேன். சும்மா போட்டா துன்ன மாட்டேன், தட்டு கழுவறேன், அப்புறம் சோறு போடுங்கன்னான். மலைக்காரப் புள்ளைக்கு இவ்ளோ ரோசம் ஆவாது."

"எங்க குந்தி துன்றான்?" என்றாள் அக்கா. மறுபடியும் அதே கேள்வி.

ரபியா அம்மாள் அடுப்படிச் சுவரைக் காட்டினார். வரிசையாக ஆணி. ஆணிக்கு ஒரு தட்டு. பாயின் இரண்டு பிள்ளைகளுடையது, சமையல்காரருடையது, அப்புறம் ஒன்றில் ஆணியால் "கா" என்று கீறியிருந்தது. அக்கா அதை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் விரலால் தடவினாள். அலுமினியம் நடுவில் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"தெனம் துன்றான்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. தட்டிடம் சொன்னமாதிரி இருந்தது.

அப்புறம் உட்கார்ந்தாள். "இதுலயே போடுங்கம்மா." வெறும் சோறும் கத்திரிக்காயும் வாங்கி, மகன் தட்டில் சாப்பிட்டாள். ஓட்டல் சோறு அவள் வாயில் பட்டது இதுதான் முதல் தடவை.

வெளியே ரங்கசாமி ஆரம்பித்தான்: "காலேஜ் படிக்கிற புள்ள எச்சி தட்டு எடுக்குது அண்ணி. இதுக்கு வூட்ல ஏர் புடிக்கலாமே." இதைச் சொன்ன வாய் அதற்குள் இரண்டு பிளேட் ஆட்டுக்கறி பிரியாணியை உள்ளே தள்ளியிருந்தது. எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

"நம்ம வூட்ல மட்டும் சும்மாவா துன்றோம்? வேலை செஞ்சிதானே துன்றோம்" என்றாள் அக்கா. "படிக்கட்டும்."

நாலு மணி ஆட்டத்தில் மூன்று பாயிண்டில் தோற்றார்கள். காலையிலிருந்து தட்டு தூக்கியவன் வேறு எப்படி ஆடுவான்? நடுவருக்குக் கண் இல்லை என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த முடிக்காரன் என்னை உட்காரச் சொன்னான். உட்கார்ந்துவிட்டேன்.

பிரியாணி எப்படி இருந்தது என்று எழுதவேண்டும். நான் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

8 பிப்ரவரி, திங்கள்

பஸ்ஸில் திரும்பினோம். மலையேறும்போது, பாதி வழியில், மூச்சு வாங்க நின்ற இடத்தில் அக்கா சொன்னாள்: "நீ படிச்ச கடுதாசில ஓட்டல் பேரு மட்டும்தான் நெசம்."

குனிந்து, காலில் இல்லாத முள்ளை எடுத்தேன்.

ஊரில் எல்லாரும் கேட்டார்கள். காசி கப்பு வாங்கிவிட்டான், கலெக்டர் கையால், என்றேன். அக்கா புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டே, "தோத்துட்டாங்க. ஆனா நல்லா துன்றான்" என்றாள். அதைத்தான் எல்லாரும் நம்பினார்கள். ரசனை இல்லாத ஜனம்.

15 பிப்ரவரி, திங்கள்

ரங்கசாமி ஊரெல்லாம் அந்தப் பிரியாணியைப் பற்றியே பேசித் திரிகிறான். ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு ஓட்டல் கட்டினவன் மாதிரி.

3 மார்ச், புதன்

மண்டியில் எனக்கு அவசர வேலை. அப்படியே போகிற வழியில் நாலு படி சாமை அரிசியும் ஒரு சுரைக்குடுக்கைத் தேனும் முக்தார் பாய் வீட்டில் இறக்கினேன். மண்டி எந்தப் பக்கம், ஓட்டல் எந்தப் பக்கம் என்று அம்மாக்கண்ணு கேட்கிறாள். பெண்களுக்கு டவுன் வழி தெரியாது.

பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "காசி மாமாவா? வாங்க." காசி மாமா. போகட்டும்.

23 மார்ச், செவ்வாய்

காசி கடிதம். அக்கா கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள். வாத்தியாரிடம் கொண்டுபோவாள் என்று நினைத்திருந்தேன். "எழுதினதை மட்டும் படி" என்றாள்.

படித்தேன்.

"அம்மாவுக்கு, சௌக்கியம். இப்போது எனக்குப் பரிமாறுகிற வேலை, தட்டு எடுக்க வேறு ஆள் வந்துவிட்டார். மாமா கொடுத்த சாமை அரிசியை ரபியா அம்மா பொங்கினார்கள், கொஞ்சம் குழைந்துவிட்டது, சாப்பிட்டேன். அடுத்த முறை வந்தால் ஓட்டலில் சத்தம் போட்டுப் பேச வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லவும்."

கடைசி வரி வந்தபோது நிறுத்தினேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் படித்தேன்.

அவ்வளவுதான் இருந்தது. ஒரு பால் இல்லை, ஒரு துண்டு கறி இல்லை. இதைப் போய் யார் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள்.