சமதரையில் பார்த்த ஒயில்

மார்ச் 9, ஞாயிறு.

கம்பனி சர்விஸில் கொடுத்திருந்தால் காரின் கியர் ஒயிலை ஒரு மணி நேரத்தில் மாற்றித் தந்திருப்பார்கள். நானே மாற்றுகிறேன் என்று அடம்பிடித்தேன். கட்டாரில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், இவர், வீடியோவில் சொல்லச் சொல்லச் செய்தேன்.

பழையதை வடித்து, புதியதை ஊற்றி, எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு அளவுக் கம்பியை இழுத்தால் குறைவாகக் காட்டியது. இன்னும் ஊற்றப் போனேன்.

“நில்லு புள்ள! லயத்துச் சரிவுலயா பாக்குற? பெரட்டுக்களத்துக்குக் கொண்டு போ. நம்ம தேயிலைத் தோட்டத்துல அது ஒண்ணுதான் சமதரை.”

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் அந்தக் களத்தில் அளவு சரியாக இருந்தது. எனக்குப் பின்னால் தெரிந்த மலையையே இவர் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் போனை வைத்துவிடுவார்; இன்று வைக்கவில்லை.

“சரியா இருக்கா?”

“அளவு வெளங்கலீங்க,” என்றேன்.

“தொடச்சிட்டு மறுபடி பாரு.”

நாலு தடவை துடைத்தேன்.