வேலியோரச் சிங்களம்

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. பின்பக்கத் தகரம் ஒழுகுகிறது, வாளி வைத்தாயிற்று. ஓப்பநாயக்க டவுனுக்குப் போய் பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். கரண்ட் பில். இரண்டும் நடக்கவில்லை.

காலையில் பக்கத்து வீட்டு நிமல் வந்தான். நனைந்தபடி வாசலிலேயே நின்றான். அவன் அப்பா, பியதாச அய்யா, ஆஸ்பத்திரியில் இறந்துபோய்விட்டாராம். நான் அவரை அய்யா என்பது சிங்கள முறைப்படி, அண்ணன் என்ற பொருளில். பலாங்கொடை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பின்னேரம் ஆனால் பால் விடாத பிளேன்டீ, கிரிக்கெட், அரசியல், சண்டை.

நிமல் போகும்போது சொன்னது: "மாஸ்டர், அப்பா கேட்டது ஒண்ணுதான். அடக்கத்தன்னிக்கு நீங்க பேசணும்."

தலையாட்டிவிட்டேன். அவன் கேட்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. ஊர் முழுக்க வரும். பிக்குமார் வருவார்கள். எல்லாம் சிங்களத்தில். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார், எனக்குச் சிங்களம் வராது.

ஜூன் 4, புதன்

மழை விட்டு விட்டு. ரோட்டோரம் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டியிருக்கிறார்கள்.

மனைவி பாக்கியத்தோடு மரண வீட்டுக்குப் போனேன். தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆட்கள் எல்லோரும் வழக்கம்போல் வேலியோரம். இந்தச் சிங்களக் கிராமத்தில் எந்த மரணம் என்றாலும் எங்கள் இடம் அதுதான். கடைசி வரிசை நாற்காலி, இல்லையென்றால் வேலி. முன்னால் நாற்காலி காலியாகக் கிடந்தது. அங்கே உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. நாங்களாகவே நிற்கிறோம். இத்தனை வருடத்தில் இன்றுதான் இது கண்ணில் பட்டது.

நிமலைத் தனியே கூப்பிட்டேன். சிங்களப் பாடசாலை அதிபர் பேசட்டுமே, நல்ல குரல், என்றேன். "அப்பா அவர் பேரச் சொல்லலியே மாஸ்டர்" என்றான். முகம் வாடிவிட்டது.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் புலம்பினேன்.

"ஏங்க, தெனமும் வேலில நின்னு அந்த மனுஷன்கிட்ட கத்துனீங்களே, அது என்ன பாஷ?"

"அது சும்மா பேச்சு."

"சும்மா பேச்சுன்னா? தமிழா?"

யோசித்துப் பார்த்தேன். தமிழ் இல்லை. அவருக்கு 'வாங்க', 'சரி', 'சாப்பாடு' மூன்றும்தான் தெரியும்.

ஜூன் 5, வியாழன்

மப்பு மந்தாரம். மாத்திரை வாங்கியாயிற்று.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, காலை முழுக்க உரை எழுதினேன். பிரேத வீட்டு உரைகளில் கேட்ட கனமான சிங்களச் சொற்களாகப் பொறுக்கி, தமிழ் எழுத்தில். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். யாரோ ஒரு மந்திரி பேசுவது போல இருந்தது. பியதாச அய்யா கேட்டிருந்தால் வாயாலேயே ஹோர்ன் அடித்திருப்பார்.

எங்கிருந்து வந்தது இந்தப் பயம் என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம். எங்கள் பிள்ளைகளுக்கு மேசை கேட்க எழுந்தேன். சிங்களத்தில் இரண்டு வசனம். மண்டபம் சிரித்தது. உட்கார்ந்துவிட்டேன். மேசையைக் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் 'எனக்குச் சிங்களம் வராது'. பெயரையும் ஊரையும் சொல்வது போல இதையும் சொல்லிப் பழகிவிட்டேன்.

பாக்கியம் மரவள்ளி உரித்துக்கொண்டே: "நாற்றுமேடை கதைய பிள்ளைங்களுக்கு மட்டுந்தான் சொல்வீங்களா?"

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம். தேயிலைக் கன்றைப் பொலித்தீன் பையைக் கிழிக்காமல் அப்படியே நட்டால் ஒரு வருடம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, உலகம் இவ்வளவுதான் என்று இருந்துவிடும். கணக்கு வராது என்று அழும் பிள்ளைக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

"பை கிழிஞ்சிச்சா இல்லியா, சார்?" என்றாள். சார் என்று கூப்பிட்டால் கேலி என்று அர்த்தம்.

ஜூன் 6, வெள்ளி

வெயில். மூன்று மணிக்கு அடக்கம். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டு.

கால் தானாக வேலிப் பக்கம் போனது. நிமல் வந்து கையைப் பிடித்து முன் வரிசையில் உட்கார வைத்தான். எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசினார்கள், நன்றாக. பிறகு என் பெயர்.

மைக்கைப் பிடித்தேன். "கருதர மஹா சங்கரத்னயென் அவசரயி." மகா சங்கத்தாரான பிக்குமாரிடம் அனுமதி கேட்கும் முதல் வரி. அது வந்தது. அடுத்தது வரவில்லை. மனப்பாடம் செய்தது எல்லாம் போயிற்று. ஊர் பார்க்கிறது. பெட்டியைப் பார்த்தேன். வாய் தானாக, தினமும் வேலியில் சொல்வதைச் சொன்னது:

"அய்யே, அதத் சீனி அடுயி." அண்ணே, இன்றைக்கும் சீனி குறைவு.

முதலில் சிரித்தது அவர் மனைவி, அழுதுகொண்டே. பிறகு கூட்டம் முழுக்க. அன்றைக்கு மண்டபத்தில் கேட்ட அதே மாதிரிச் சத்தம். ஆனால் நான் உட்காரவில்லை.

வேலியில் பேசும் சிங்களத்திலேயே பேசினேன். அய்யா தனக்குச் சீனி வியாதி என்பதற்காக எனக்கும் சீனி போடாமல் தேத்தண்ணி தந்தது. மழை நாளில் தோட்டத்துச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி, மேலே லயத்து வரிசை வீடுகளிலிருந்து பிள்ளைகள் இறங்கி வரும்வரை ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏசிய பயணிகளிடம், "அவசரம்னா இறங்கி நடங்க, ரோட்டு அங்கேதான் இருக்கு" என்றது. அந்தப் பிள்ளைகள் சிலர் வேலியோரம் நின்றார்கள், இப்போது தாடி மீசையோடு. அவர்களைக் கைகாட்டி முன்னால் வரச் சொன்னேன். வந்தார்கள். நாற்காலி இருந்தது.

எத்தனை பிழை விட்டேனோ. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 7, சனி

தூறல். தகரத்துக்குத் தார் பூசினேன். பின்னேரம் பழக்கத்தில் வேலிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 9, திங்கள்

ஏழாம் நாள் தானம், பிக்குமாருக்குச் சாப்பாடு. பாக்கியம் பருப்பும் வாழைக்காயும் சமைத்துக் கொடுத்தாள்.

பெல்மதுளைப் பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் பியதாசவுக்கு என்ன முறை என்று கேட்டார். அய்யா இருந்தபோது கடையிலும் ரோட்டிலும் என்னைக் காட்டி, "மகே மல்லி", என் தம்பி, என்பார். மரியாதைக்குச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். வெளியிலிருந்து வந்தவன்தானே நான், என்று.

"மல்லி" என்றேன். யோசிக்காமல்.

அய்யாவின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தார் போல. உள்ளே போய் எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். சீனி தாராளம். பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.