நாலு வார்த்தைப் பக்கம்

கடத்தூர்,
ஐப்பசி 22.

அன்புத் தங்கச்சி கோகிலாவுக்கு அக்கா சாலம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் மாடும் சுகம். சூரத்தில் நீயும் உன் வூட்டுக்காரரும் பையன் அன்பும் சுகமா இருக்கணும்.

முதல்ல ஒரு வெக்கக்கேட்டைச் சொல்லிடறேன். நீ அனுப்பின புஸ்தகம் படிக்கிற மெஷினை, வந்த புதுசுல, போன வருஷ ஆயுத பூஜைக்கு அரிவாள், மருந்தடிக்கிற டேங்கோட வரிசையில வச்சு சந்தனம் குங்குமம் வச்சேன். ஒவ்வொரு பொட்டுக்கும் அது தானா ஒரு பக்கம் புரட்டிக்கிச்சு. சாமிதான் படிக்குதுன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். சார்ஜர் குத்துற ஓட்டைக்குள்ள போன சந்தனத்தை ஊக்கால நோண்டி எடுத்தது உன் மாமா. அன்புகிட்ட சொல்லாதே, பெரியம்மான்னு இன்னும் கொஞ்சம் மரியாதை வச்சிருக்கான்.

மூணாப்போட நின்னவ நான். பஸ் போர்டு தவிர எதையும் படிச்சதில்ல. எழுத்தைப் பெருசாக்கிக்கலாம்னு அன்பு போன்ல சொல்லிக்குடுத்த நாள்ல இருந்து விடாம படிக்கிறேன். இப்ப ஒரு லாரிக்காரன் பொண்டாட்டி கதை. லோடு ஏத்திட்டுப் போன புருஷன் திரும்பல. அவளே லாரி ஓட்டக் கத்துக்கிட்டுத் தேடிப் போறா. சாம்பார் தீஞ்சது கூட எனக்குத் தெரியல. "அவ காணாமப் போன புருஷனைத் தேடறா, நீ வூட்ல இருக்கிற புருஷனைப் பட்டினி போடறியே"ங்கறார் உன் மாமா.

எழுத்தை மாசத்துக்கு ஒருவாட்டி பெருசாக்கிக்கிட்டே வந்தேன். இப்ப கடைசி அளவு. அதுக்கு மேல அமுக்கினா மெஷின் கேக்கல. ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்தைதான். "அவன் அன்று இரவே செத்துப்"னு ஒரு பக்கம். மூக்கைச் சிந்தி அழுது முடிச்சு அடுத்த பக்கம் போனா "போகவில்லை"ன்னு இருக்கு. ஒரு பொம்பளையை இப்படியா அழவைக்கிறது?

சிரிச்சது போதும் கோகிலா. போன்ல சொல்லாம கடிதாசி எழுதறது இதுக்குத்தான். போன்ல நான் சிரிச்சுடுவேன், நீயும் அக்கா கேலி பண்றான்னு வச்சிடுவே. அதான் தடி ஸ்கெட்ச் பேனா வாங்கி, தாளுக்குப் பத்து வரியா எழுதறேன்.

சேலத்துல கண் டாக்டர்கிட்ட காட்டினோம். கண்ணுக்குப் பின்னாடி நரம்பு வாடிக்கிட்டே வருதாம். கண்ணாடி போட்டாலும் ஆபரேஷன் பண்ணாலும் போனது வராதுங்கன்னுட்டார். பாக்கற எதுலயும் நடுவுல ஒரு கறுப்பு நிக்குது. உன் மாமாவுக்குக் காதும் மீசை நுனியும் இருக்கு, மூக்கைக் காணோம். தலையைத் திருப்பி ஓரக்கண்ணால பாத்தாத்தான் ஆள் முழுசாத் தெரியறார். கல்யாணத்தப்ப கூட நான் அவரை அப்படிப் பாத்ததில்ல.

"உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?"ன்னு டாக்டர் கேட்டார். "சொந்தமில்லாத ஆள் வேணும்னா எங்க ஊர்க்காரங்க மைசூருக்குத்தான் போகணுங்க"ன்னேன். அவர் சிரிக்கல. "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"ன்னார். அதோட எனக்கும் சிரிப்பு நின்னுபோச்சு.

சேலைக்குக் கல்லு தைக்கிற இடத்துல வெளிச்சம் பத்தல, ஊசியில நூல் நுழைய மாட்டேங்குது, பல்பு மாத்தணும்னு போன மாசம் சொன்னியே. நானும் முதல்ல பல்பைத்தான்டி மாத்தினேன். பல்பு மேல பல்பா மாத்தினேன். மட்டமான சரக்கு விக்கிறேன்னு கடைக்கார ராஜப்பனை நடுரோட்ல நிக்கவச்சுத் திட்டினேன். பாவம், அவன் பல்பெல்லாம் நல்லாத்தான் எரிஞ்சிருக்கு.

முன்னாடியே வந்திருந்தா கொஞ்ச வருஷம் நிறுத்தி வச்சிருக்கலாம்னார் டாக்டர். எனக்கு இல்லாமப் போன அந்தக் கொஞ்ச வருஷம் உனக்காவது வேணும். கூலி போகுது, சேட்டு திட்டுவான்னு சாக்குச் சொல்லாதே. இந்த வாரமே போ. அன்புக்கும் சேத்துக் காட்டு.

கதை நூத்துக்கு அறுபதுல நிக்குது. முடிவு வரைக்கும் என் கண்ணு வராது. அன்பு போன்லயும் அந்தக் கதை வருமாம். நீ கண்ணைக் காட்டிட்டு வந்து, கடைசியைப் படிச்சு எனக்குச் சொல்லு. அவன் செத்திருந்தாலும் மறைக்காம சொல்லு.

என் ஆயுசையும் சேத்து நீ நல்ல கண்ணோட இருக்கணும்.

உன் அக்கா,
சாலம்மாள்

கையெழுத்துப் போட்ட பிறகு மனசு கேக்காம இன்னொரு தாள் முழுக்க எழுதினேன். மடிக்க எடுத்த உன் மாமா, எழுத்தே தெரியாத மனுஷன், இதுல ஒண்ணுமே இல்லியேங்கறார். பேனா காஞ்சுபோயிருந்துச்சாம். இதை வேற பேனாவுல எழுதறேன். அந்த வெள்ளைத் தாளையும் உள்ள வச்சிருக்கேன். அதுல கேலி எதுவும் எழுதல.