நல்ல நாள் பார்த்துக் கொடுத்த விண்ணப்பம்

தேரூர்,
ஜூலை 6, ஞாயிறு.

அன்புள்ள ராஜிக்கு,

தாணுமாலயன் எழுதுவது. வீட்டில் எல்லாருக்கும் சுகம். உன் சுகத்தை ரஷ்மி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். போனில் என் எண்ணைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. என் அம்மையின் போனில் கூப்பிட்டால் ரஷ்மி என்று நினைத்து எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கட்டிய மனைவியிடம் பேச புருஷன் தபால் தலை வாங்க வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான், கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது.

நீ கூரியரில் அனுப்பிய உறை ஜூன் 26, வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. ரஷ்மியை நார்வேக்குக் கூட்டிக்கொள்ளத் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதக் கடிதம் இருந்தது. கூடவே எனக்கென்று ஒரு வரி இல்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி மட்டும் போட்டிருந்தாய், பியூனுக்கு இடம் காட்டுவது போல. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் இங்கத்தைய விசேஷங்கள்.

கல்லூரி ஜூன் பாதியில் திறந்துவிட்டது. காலையில் வழிபாட்டுப் பாட்டு முடிந்ததும் ஆபீஸ் அறையில் மைக்கைப் பிடித்து அறிவிப்பு வாசிப்பது இந்த வருஷமும் நான்தான். தோவாளை வழியாக வரும் பிள்ளைகள் பஸ் பாஸுக்குப் போட்டோ தர வேண்டும், ரத்ததான முகாமுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், உதவித்தொகைக்குக் கடைசித் தேதி, ஆசிரியர்களுக்கு மதுரையில் புத்தாக்கப் பயிற்சி, மாணவிகள் ஓய்வறையில் கண்டெடுத்த ஒற்றைக் கொலுசு. எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசிப்பேன். ‘மீண்டும் வாசிக்கிறேன்’ என்று நான் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் காது கொடுக்கிறார்கள் என்று நீயே கேலி செய்திருக்கிறாய்.

உன்னை நார்வேக்குக் கொண்டுபோன அந்த ஆய்வு வாய்ப்பையும் இதே மைக்கில் நான்தான் வாசித்தேன். மணி அடிக்கும் நேரம் நெருங்கிவிட்டதால் அதை ஒரே ஒரு தடவைதான் வாசித்தேன். நம் கல்லூரியிலிருந்து யார் இதற்கெல்லாம் போகப்போகிறார்கள் என்ற நினைப்பும் இருந்தது. மாடியில் லேபில் கடல்பாசியைக் கழுவிக்கொண்டிருந்த உனக்கு அந்த ஒரு தடவை போதுமாக இருந்தது. சாயங்காலம் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, காலையில வாசிச்சியளே, அதுக்க கடைசித் தேதி என்னது என்று கேட்டாய். நான் சிரித்தேன். முட்டத்துப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் பாசியைப் படிக்க நார்வே எதற்கு என்றேன். பதில் சொல்லாமலே காரியத்தை முடிப்பது உன் வழக்கம்.

இந்த ஜூனில், கல்லூரி திறந்த வாரத்திலேயே, இன்னொரு அறிவிப்பு வாசித்தேன். தாவரவியல் துறையில் உதவிப் பேராசிரியர் பணியிடம் ஒன்று காலியாக உள்ளது, தகுதியுள்ள முன்னாள் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று. உன் இடம்தான். சூப்பிரண்டு முருகதாஸ் எழுதி நீட்டினான். நீட்டிவிட்டு எதிர் மேசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், எங்கேயாவது தடுமாறுவேனா என்று. நான் தடுமாறவில்லை. ‘மீண்டும் வாசிக்கிறேன்’ என்று சொல்லி இரண்டாவது தடவையும் வாசித்தேன்.

உங்கள் துறைத் தலைவி ஓமனா டீச்சர் படியிறங்கி ஆபீசுக்கே வந்துவிட்டார். தாணு சாரே, கெட்டின பெண்ணுக்க வேலைய ஏலம் விடுகது மாதிரி வாசிச்சிட்டியளே, ஒருக்க வாசிச்சா போராதா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். எல்லா அறிவிப்பையும் இரண்டு தடவை வாசிப்பதுதான் முறை, என் மனைவி என்பதற்காக முறையை மாற்ற முடியுமா என்றேன். அவர் வந்த படியிலேயே திரும்ப ஏறிப் போய்விட்டார்.

அந்த இடத்துக்குத் தக்கலைக்காரப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்துவிட்டாள். ஜன்னலோரத்து மேசையும் உன் சாவிக்கொத்தும் இப்போது அவளிடம். நல்ல பிள்ளை. கடல் வாடை மட்டும் அவளுக்கு ஆகாதாம். அதனால் நீ வருஷக்கணக்காகத் தாளில் ஒட்டிக் காயவைத்த பாசிகளை எல்லாம் ஸ்டோர் ரூமுக்கு மாற்றச் சொன்னார்கள். நான்தான் ஆள் வைத்து மாற்றினேன். விளையாட்டுப் பாய்களுக்குப் பக்கத்தில், ஓடு ஒழுகுகிற மூலையில்தான் இடம் இருந்தது. ஆனி மழைக்குப் பூஞ்சை பிடிக்கும் முன்பே ஓமனா டீச்சர் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மார்த்தாண்டத்தில் தன் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு வீட்டில் இடம் அதிகம் போலிருக்கிறது.

உன் விண்ணப்பத்தை நான் வேண்டுமென்றே தாமதப்படுத்தியதாக ரஷ்மியிடம் சொல்லியிருக்கிறாய். பெற்ற பிள்ளையிடம் தகப்பனைப் பற்றி இப்படிச் சொல்லலாமா? நடந்ததை எழுதுகிறேன், நீயே நியாயம் சொல்.

விடுப்பை இன்னொரு வருஷம் நீட்டிக் கேட்டு நீ அனுப்பிய தாள் மே மாதம் பாதியில் வந்தது. மே முப்பது வெள்ளிக்கிழமைக்குள் அது பிரின்சிபால் கைக்குப் போகாவிட்டால் நீயாக வேலையை விட்டதாக நிர்வாகம் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்கும் தெரியும். மெயிலில் வருவதை அவர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், மையால் போட்ட கையெழுத்து வேண்டும். அதனால்தானே என்னை நம்பி அனுப்பினாய். நான் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டுப் பூஜை அலமாரியில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் எந்த விண்ணப்பமும் அங்கே இருந்து, நல்ல நாள் பார்த்துத்தான் வெளியே போயிருக்கிறது. இந்தப் பழக்கம் நீ கொண்டுவந்தது, எங்கள் வீட்டில் முன்பு கிடையாது.

வைத்த கையோடு அஷ்டமியும் நவமியும் வந்தன. பிறகு அமாவாசை வரை தேய்பிறை. தேய்பிறையில் நீ ஒரு தபால் அட்டைகூடப் போட்டதில்லை. பிரின்சிபால் ஜெயசிங் சார் இடையில் கேட்டார், டாக்டர் ராஜி மெயில் போட்டிருக்காங்க, பேப்பர் வந்தாச்சா தாணு என்று. வரும் சார் என்றேன். அதில் பொய் இல்லை, வரத்தானே போகிறது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை வளர்பிறை, நல்ல நாள். தாளைப் பையில் எடுத்து வைத்து வாசலில் இறங்கிவிட்டேன். லேய் தாணு, குடை எடுத்தியா என்று அம்மை உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போகிற ஆளைப் பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்று நீ எத்தனை தடவை என்னைத் திரும்பி உட்காரவைத்து தண்ணீர் குடிக்கக் கொடுத்திருக்கிறாய். தாளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

திங்கள்கிழமை எந்தக் குறையும் இல்லாத நாள். நல்ல நேரம் பார்த்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெயசிங் சார் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெள்ளியோட முடிஞ்சு போச்சே தாணு, வரலன்னு கமிட்டிக்கு எழுதிக் குடுத்தாச்சே என்றார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நானும் வருத்தப்பட்டேன்.

ரஷ்மி கைக்குழந்தையாக இருந்தபோது சூப்பிரண்டு பதவிக்கு விண்ணப்பம் கேட்டார்கள், ஞாபகம் இருக்கும். இன்னைக்கு நவமி, நாளைக்குக் கொண்டுபோங்க என்று எழுதி முடித்த தாளை நீ என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தாய். அன்று மத்தியானமே முருகதாஸ் கொடுத்தான். நான் மறுநாள் போனபோது பதவி இல்லை. அன்றுமுதல் அவன் எழுதி நீட்டுகிற காகிதத்தைத்தான் மைக்கில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீ அழுதாய், நான்தான் தேற்றினேன். அதற்குப் பிறகு ஒரு நாளாவது அதைச் சொல்லிக்காட்டினேனா? நீ என் நல்லதுக்குத்தான் செய்தாய் என்று இருந்துவிட்டேன். நானும் உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று நீ ஏன் இருக்கக்கூடாது?

மறைக்காமல் சொல்கிறேன், வேலை போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இங்கே வேலை இல்லாத ஆளுக்கு விடுப்பு ஏது, இனி அங்கே இருக்க முடியாது, ஜூலையில் வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். உன் அறைக்கு வெள்ளை அடித்தேன். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வண்டிக்காரனிடம் சொல்லி வைத்தேன். அம்மைக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, அடுப்படியில் நிற்க முடியவில்லை, இனி ராஜி பார்த்துக்கொள்வாள் என்று அவளிடம் சொன்னேன். காலையில் பையை மாட்டிக்கொண்டு ஓடாமல் வீட்டில் இருக்கிற ராஜியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

அம்மைக்கு நார்வேல நிரந்தர வேலை தாறோம்னு தை மாசமே சொல்லியாச்சு, இங்க வேலை இருக்கு, நாம இருக்கோம்னு அவதான் வேண்டாம்னு சொல்லிட்டு இருந்தா, இப்போ சரின்னுட்டா என்று ரஷ்மி போன வாரம் சாப்பிடும்போது சொன்னாள். தை மாதமே. என்னிடம் நீ சொல்லவில்லை. அந்தத் தாளை வெள்ளிக்கிழமை கொடுத்திருந்தால் இன்னும் ஒரு வருஷத்தில் நீ வந்திருப்பாய். அதை ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ரசம் ஊற்றிக்கொண்டே சொல்கிறாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். என் அம்மையும் அன்றிலிருந்து என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

இனி அந்த உறையைப் பற்றி. சம்மதக் கடிதத்தையும் மஞ்சள் தொட்டு அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். உறை வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரஷ்மி தினசரிக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். புதன்கிழமை நல்ல நாள்னு போட்டிருக்கு, அன்னைக்கு ஒப்பு போடுங்கப்பா என்றாள். அன்றைக்கு உனக்குச் சந்திராஷ்டமம் என்றேன். அவள் தாளைப் புரட்டி, அது வேற நட்சத்திரத்துக்குல்லா போட்டிருக்கு, நான் உத்திரட்டாதி இல்லியா என்றாள். அப்படியானால் எனக்குச் சரியில்லை என்றேன். அதற்கடுத்த நாளைக் காட்டினாள். அதிலும் ஒன்று சொன்னேன். தேடினால் எல்லா நாளிலும் ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. ஆடி பிறக்கும்வரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பிறகு காலண்டரை மூடிவைத்துவிட்டு, அம்மைக்க பேப்பருக்கும் இப்பிடித்தான் நாள் பாத்தியளாப்பா என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். அசப்பில் உன் குரல்தான். நான் எழுந்து போய் மோட்டாரைப் போட்டேன்.

அதிலிருந்து காலையில் விளக்கேற்றும்போது அந்த உறையின் மேல் ஒரு பேனாவை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், லீவு நாளில் மாடிக்குப் போகிறாள். நான் குளித்துவிட்டு வந்து திருநீறு எடுக்கும்போது அந்தப் பேனாவையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். இன்றைக்கும் வைத்திருந்தாள். இந்தக் கடிதத்தை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன்.

நீ ஒருமுறை வா. சண்டை போடவாவது வா. பென்சிலால் குறி போட்டு அனுப்பாமல் எதிரே நின்று இங்கே போடுங்க என்று சொல். வந்தால் உடனே போட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். வராவிட்டால் அது சாமி முன்னால்தான் இருக்கும், ஒரு கேடும் வராது. விளக்கும் ஏற்றுகிறோம், பூவும் வைக்கிறோம்.

அங்கே எப்போதும் மழை என்று ரஷ்மி சொன்னாள். நனையாதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. தாணுமாலய சாமி உனக்குத் துணையிருக்கட்டும். நீ எடுத்த வேலையெல்லாம் நல்லபடி முடியட்டும். உனக்கு எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் கணவன்,
தாணுமாலயன்