நடக்காமல் போனதற்குச் சாட்சி

பக்கத்து நாற்காலிக்காரிக்கு,

போன சனிக்கிழமை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். இளையவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, தாலிக்கொடி பார்க்க வேண்டும். நகைக்கடை வாசலில் காவலுக்கு இருந்தவர் மடியில் துப்பாக்கியைக் கிடத்தி எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. பயமா என்று மகள் கேட்டாள். பயமில்லை. நம் ஆபீஸ் கவுண்டர் மேசை ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கு அதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ கண் மூடி ஒன்பது மாதம் ஆகிறது.

கிள்ளானில் அந்த அலுவலகத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் வருவாய், நான் சுங்கை வேயிலிருந்து பஸ் மாறி வருவேன். உன் வீட்டில் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். என் அப்பா தண்டவாளம் தூக்கியவர், எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் எங்களை மதிக்க மாட்டார்கள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நீயோ முதல் நாளே என்னை 'நீர்' என்று கூப்பிட்டாய். கிண்டல் செய்கிறாய் என்று நினைத்து மத்தியானம் வரை உன்னோடு பேசாமல் இருந்தேன். உங்கள் வீட்டில் சிநேகிதிகளை அப்படித்தான் அழைப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் துப்பாக்கி என்பதை நீ துவக்கு என்பாய். அதற்காக எத்தனை நாள் உன்னைச் சீண்டியிருப்பேன்.

நம் மேசைக்கு வந்த வேலை துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிப்பது. பன்றி சுடுகிறவர்கள், தோட்டத்து உத்தியோகஸ்தர்கள், சின்னத் தோட்டக்கார சீனர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒரு முறை துப்பாக்கியோடு வர வேண்டும். குழலில் பொறித்த நம்பரைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்துவோம். கொண்டுவருவதற்கு முன் எல்லாரும் எண்ணெய் போட்டுத் துடைத்திருப்பார்கள், நடைபாதை முழுக்க அந்த வாடைதான். துப்பாக்கி விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் எவ்வளவு கடுமை, தூக்குத் தண்டனைவரை உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடுமையெல்லாம் லைசென்ஸ் இல்லாதவனைப் பார்த்துத்தான். லைசென்ஸ் உள்ள வீட்டுக்குள் மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க நம் படிவத்தில் ஒரு வரி இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், கேரி தீவிலிருந்து அந்தக் கிராணி வந்தார். செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். மற்ற வருடங்களில் ரம்புத்தான் பழக் கொத்தோடு வந்து, நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார். அந்த வருடம் அவருடைய ஒரே மகன், பதினேழு வயதுப் பையன், தோட்டத்து டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோயிருந்தான். செய்தி நமக்கும் வந்திருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வழக்கத்தைவிட அதிகமாகத் தோட்டா வாங்க அனுமதி வேண்டும் என்றார். பன்றித் தொல்லை அதிகமா என்று நீ கேட்டாய். ஆமாம் என்றார், உன்னைப் பார்க்காமல்.

அவர் பின்னால் அவருடைய மனைவி நின்றிருந்தார். அதற்கு முன் அவர் ஒரு வருடமும் வந்ததில்லை. நான் தட்டச்சு செய்துகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நீதான் பிறகு சொன்னாய்: அந்த அக்கா உன்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை, யாருக்கும் தெரியாத அளவுக்கு, தலையை ஆட்டினார் என்று. வேண்டாம் என்பதுபோல.

"ஐயா, நம்பரில துரு ஏறிக் கிடக்குது, வாசிக்கேலாமல் இருக்கு," என்றாய் நீ. "வைச்சிட்டுப் போங்கோ. திங்கட்கிழமை வாங்கோ."

அவர் போன பிறகு நான் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தேன். எண் பளிச்சென்று தெரிந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் பதிவேட்டில் எழுதிவைத்தேன்.

வியாழக்கிழமை மேலதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. நம் இருவரையும் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். அந்த ஆள் யாரையாவது மிரட்டினாரா, குடித்துவிட்டு வந்தாரா, அவர்மேல் புகார் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாய். பிறகு எதற்காக வைத்தாய் என்றார். "அவர் ஏதாவது செய்த பிறகு கேட்டு என்ன பிரயோசனம், சார்?" என்று நீ கேட்டாய். திங்கட்கிழமை கிராணி வந்ததும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "நான் கேரி தீவுக்குப் போறன். நீர் வாறீரோ?" என்றாய். என் வீட்டுக்காரரிடம் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பஸ் மாறி, ஆற்றைக் கடந்து, தோட்டத்து லோரி ஒன்றில் இடம் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் நான் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீ மறுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

அவர் கூடத்தில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரில் பையனின் படம். நீ உட்காரும் முன்பே சொல்லிவிட்டாய்.

"நான் பொய் சொன்னனான், ஐயா. நம்பர் வடிவாத் தெரிஞ்சது. உங்களைப் பார்க்கப் பயமா இருந்தது."

அவர் எழுந்தார். நானும் எழுந்துவிட்டேன். இருபது வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன், ஒரு தப்பு உண்டா, நீ யார் என் துப்பாக்கியைப் பிடித்து வைக்க என்று கேட்டார். ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு, நீ படத்தைப் பார்த்து, தம்பி எந்தப் பள்ளியில் படித்தான் என்று கேட்டாய்.

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பள்ளியின் பெயரைச் சொன்னார். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. டிராக்டர் பிரேக் சரியில்லை என்று ஆபீசிலிருந்து மேனேஜருக்கு மூன்று முறை கடிதம் போயிருக்கிறது. மூன்றையும் எழுதியது இவர்தான். பள்ளி விடுமுறையில் கைக்காசுக்கு வேலைக்கு வந்த பையனை டிராக்டர் இழுத்த பழவண்டி மேல் ஏறச் சொன்னவர் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர். ஓட்டியவன் மேட்டில் வேகத்தைக் குறைக்கவில்லை. விசாரணை முடிந்து விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்த அறிக்கையையும் தட்டச்சு செய்ய இவரிடமே கொடுத்தார்கள்.

அப்போதுதான் அந்த அக்கா பின்கட்டிலிருந்து வந்தார். கையில் மண் அப்பிய பிஸ்கட் டின். அதை நம் முன்னால் தரையில் வைத்தார்.

"பதினாறு நாளா கோழிக்கூட்டுக்குக் கீழ பொதைச்சு வச்சிருக்கேன்," என்றார். "தெனமும் இவர் தேடுறதப் பாத்துக்கிட்டே சோறு ஆக்குறேன். இனிமே என்னால முடியாது."

வீட்டிலிருந்த தோட்டா அத்தனையும் அதில் இருந்தது. அவர் ஏன் அதிகமாகக் கேட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் டின்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு மெதுவாக உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று பெயர்கள். மேனேஜர், கண்டக்டர், டிராக்டர் ஓட்டியவன். பேரேட்டில் எழுதுவதுபோல அழகான எழுத்து.

"புதங்கெழம காலைப் பெரட்டுல," என்றார், "எல்லாரும் ஒரே எடத்துல நிப்பாங்க."

பெரட்டு என்றால் ஆள் கணக்கெடுக்கும் இடம். தோட்டத்து ஜனம் மொத்தமும் விடியற்காலையில் அங்கேதான் நிற்கும். கைக்குழந்தையோடு நிற்கும் பெண்கள் உட்பட. நீ அந்தத் தாளை மடித்து அக்காவிடம் கொடுத்தாய். அவர் உள்ளே போய் அடுப்பில் போட்டார்.

டின்னை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவர்கள் கெஞ்சினார்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டாவோடு பஸ்ஸில் பிடிபட்டால் எங்களைத்தான் தூக்கில் போடுவார்கள் என்று நீ சொன்னாய். அந்தப் பேச்சுக்குக் கிராணி சிரித்தார். சிரிப்பு அழுகையானது. நீ அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். பிற்பகல் லோரி வரும் வரை அப்படியே இருந்தாய்.

திங்கட்கிழமை அவரும் அக்காவும் டின்னோடு வந்தார்கள். துப்பாக்கி இனி வேண்டாம் என்று ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி உன்னைப் பார்த்து, பார்த்தாயா, ஒன்றுமே நடக்கவில்லை, வீணாகப் பயந்தாய் என்றார். காலண்டர் தாளைப் பற்றி நீ வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவரைக் கொண்டுபோயிருப்பார்கள். நாம் மறைத்தது சரியா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். உன்னிடமும் கேட்டிருக்கிறேன். தெரியாது என்பாய்.

நீ ஒரு யோசனை எழுதினாய். படிவத்தில் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு கையெழுத்து இடம் வேண்டும், சந்தேகம் வந்தால் இரண்டு வாரம் துப்பாக்கியை நிறுத்திவைக்கக் கவுண்டருக்கு அதிகாரம் வேண்டும். நான்தான் மலாயில் தட்டச்சு செய்தேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது: இங்கே அப்படிப்பட்ட சம்பவம் எதுவும் நடந்ததாகப் பதிவு இல்லை, ஆகவே தேவையில்லை. கூடவே அதிகாரத்தை மீறியதற்கு உன் கோப்பில் ஒரு கடிதம். உன்னை நிலப் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு தள்ளிப் போனது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் அதே யோசனையைத் தேதி மாற்றி அனுப்பினாய். பதிலும் மாறவில்லை.

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் நாம் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் ஞாபகம் வருகிறது. வெளிநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்து ஆறவில்லை, அதற்குள் வேறொரு தேசத்தில் சுற்றுலாப் போன இடத்தில் அதே கொடுமை. அந்த இரண்டு நாட்டிலும் அரசாங்கங்கள் விழித்துக்கொண்டு சட்டத்தை இறுக்கின. இன்னொரு பெரிய தேசத்தில் எத்தனை நடந்தாலும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாளிதழை மடித்துவிட்டு, இதற்கு அப்புறமாவது சட்டம் வந்ததே என்றேன்.

"நல்லதுதான்," என்றாய். "செத்தவையை எண்ணித்தான் சட்டம் எழுதுகினம். சாகாமல் இருக்கிறவையை ஆர் எண்ணுறது?"

அப்படியானால் சட்டம் பிரயோசனம் இல்லையா என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. நம் சட்டம் கடுமையாக இருந்ததால்தானே அவரிடம் ஒரே ஒரு துப்பாக்கி, அதையும் வருடா வருடம் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது என்றேன். நீ யோசித்துவிட்டுத் தலையாட்டினாய். "ஓம். அந்தக் கவுண்டர் இல்லாட்டி அந்த மனுசியை நான் எங்க கண்டிருப்பன்?" அதோடு, கவுண்டர் மட்டும் இருந்து, பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் வீண்தான் என்றாய். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் வந்து சேர்ந்தோம் என்று நினைக்கிறேன்.

உன் இறுதிச் சடங்குக்குக் கேரி தீவிலிருந்து அவர்கள் வந்தார்கள். கிராணிக்குப் பார்வை மங்கிவிட்டது. அக்கா உன் காலைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர்களை வேனில் கூட்டிக்கொண்டு வந்தவர் ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை. வாசலில் செருப்புகளை ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தார். யார் என்று கிராணியிடம் கேட்டேன். பெயரைச் சொன்னார். அடுப்பில் எரிந்த மூன்றாவது பெயர்.

நான் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னதும் அவர் என் பக்கம் குனிந்தார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா கண்ணு போனதுலேர்ந்து எங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது அவன்தான். அவனுக்கு மூணு புள்ளைங்க. அவனுக்கு எதுவும் தெரியாது."

அந்த மனிதர் என்னிடம் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இந்த அம்மா உங்களுக்கு உறவா, கிராணி குடும்பத்துக்கு எப்படிப் பழக்கம் என்று விசாரித்தார். ஆபீஸ் பழக்கம் என்று மட்டும் சொன்னேன். நல்ல முகம் என்று சொல்லிவிட்டு, உன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் இன்னும் அதே கவுண்டரில்தான் இருக்கிறேன். படிவம் மாறவில்லை. ஆனாலும் துப்பாக்கியோடு வருகிறவர்களிடம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எல்லாரும் சுகமா என்று கேட்கிறேன். பலர் இவளுக்கு என்ன வந்தது என்பதுபோலப் பார்க்கிறார்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை முத்திரையைத் தொடுவதில்லை. கூட வந்திருப்பவரின் முகத்தையும் பார்க்கிறேன்.

இந்த வருடமும் உன் யோசனையைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன். இங்கே இப்படி ஏதாவது நடந்ததா என்ற இடத்தில், இல்லை என்றே எழுதியிருக்கிறேன். அடியில் உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது.